‘கெட்’ சொல்லிக்கொடுக்கப் போறியா? கொஞ்சம் நில்லு!

மெக்ஸிகோ பசங்களுக்கு ஆன்லைன்ல இங்கிலீஷ் எடுக்கிற தங்கச்சி, மெக்ஸிகோ சிட்டியில சாயங்காலம் 7 மணின்னா நமக்கு மறுநாள் காலை 6.30. குக்கரை ஏத்திட்டு ஓடிவந்து உட்கார்ற உனக்கு டிக்‌ஷனரி புரட்ட நேரமிருக்காதுன்னு தெரியும். அதுக்காக ‘கெட்’டோட எல்லா அர்த்தத்தையும் ஒரே நாள்ல போர்டுல கொட்டிடாதே. பசங்க மிரண்டுடுவாங்க.

1. ‘ஒப்தேனேர்’ங்கிற ஸ்பானிஷ் சொல்லை முதல்ல ஓரங்கட்டு. ‘கெட்’டுக்கு அதுதான் அர்த்தம்னு மனப்பாடம் பண்ணினவன், கடையில பால் வாங்கினதைக்கூட ‘ஐ ஆப்டெயின்டு மில்க்’னு கோர்ட் நோட்டீஸ் மாதிரி சொல்லுவான். வாங்குறது, தேடிப்பிடிக்கிறது, கைக்கு வந்து சேர்றது, மூணுக்கும் ‘கெட்’ போதும்னு சொல்லிடு.

2. உனக்குப் பெரிய குறுக்குவழி இதுதான், நல்லா கேட்டுக்கோ. ஸ்பானிஷ்ல ‘சே’ன்னு முடியற வினைச்சொற்கள் ஏராளம். நிலைமை மாறுறதைச் சொல்ற ‘சே’ வினைக்குப் பல இடத்துல ‘கெட்’ பொருந்தும்.
• கான்சார்சே: கெட் டயர்டு
• எனோஹார்சே: கெட் ஆங்ரி
• பெர்தேர்சே: கெட் லாஸ்ட்
• காசார்சே: கெட் மேரீட்

இதையே சட்டமாக்கிடாதே. ‘சென்டார்சே’ன்னா உட்கார்றது, அங்கே ‘சிட் டவுன்’தான். இன்னொண்ணு, ஸ்பானிஷ்ல கல்யாணம் ‘கோன்’ போட்டு, அதாவது ஒருத்தர்‘கூட’ நடக்கும். அதனால ‘மேரீட் வித்’னு வந்து நிப்பாங்க. ‘டு’ன்னு திருத்து, கேலி பண்ணாதே. ‘ஐ ஆம் மேரீட்’ இப்போ இருக்கிற நிலைமை, ‘ஐ காட் மேரீட்’ அன்னிக்கு நடந்த சமாச்சாரம்; இந்த வித்தியாசத்தையும் அப்பவே சொல்லிடு.

3. ‘கெட் டு ஸ்கூல்’ சரி, ‘கெட் டு ஹோம்’ தப்பு. ‘கெட் ஹோம்’தான். இதுல உன் வாயையும் கவனி. நாமளும் ‘வீட்டுக்கு’ன்னு யோசிச்சு அந்த ‘டு’வை ஒட்டவச்சிடுவோம்.

4. பஸ்ஸோ காரோ, ஏறுறதுக்கு அவங்களுக்கு ‘சுபீர்சே’ ஒண்ணே போதும். இங்கிலீஷ்ல அப்படி இல்லை. உள்ளே நிமிர்ந்து நடக்க முடியற பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’. குனிஞ்சு நுழையற காருக்கு ‘கெட் இன்’. இறங்கும்போது ‘கெட் ஆஃப்’, ‘கெட் அவுட் ஆஃப்’. மத்த ‘கெட்’ ஜோடிகளை வாரத்துக்கு ரெண்டா, கதையில வச்சுக் கொடு. பட்டியல் போட்டா ஒண்ணும் நிக்காது.

5. ‘காட்டன்’னு ஒருத்தன் சொன்னா பாய்ஞ்சு திருத்தாதே. அமெரிக்க இங்கிலீஷ்ல ‘ஹேவ் காட்டன்’ சரியான வடிவம். நாம பள்ளிக்கூடத்துல படிச்ச ‘ஹேவ் காட்’ பிரிட்டிஷ் வழக்கம். அவனுக்குப் பக்கத்து நாடு அமெரிக்கா, பேசப்போறதும் அங்கேதான். சிவப்பு மையை மூடி வை.