கோழிக்கு எல்லை தெரியாது



அடுத்த வீட்டாரோடு பேச்சு நின்றுபோன குடும்பங்களைக் காரணம் கேட்டுப் பாருங்கள். வரப்பு, வாய்க்கால் என்று பெரிய காரணங்கள் சில உண்டு. ஆனால் சில வீடுகளில் சண்டையின் ஆரம்பம் ஒரு கோழிதான். விதைத்த கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது. காயப்போட்ட நெல்லைக் கொத்தியது. மெழுகிய திண்ணையில் எச்சமிட்டது. நஷ்டம் கொஞ்சந்தான். மனத்தாங்கலோ பிள்ளைகள் காலம்வரை நின்றுவிடுகிறது.

ஆடுமாடு பிறர் பயிரில் மேய்ந்தால் பவுண்டில் அடைக்க 1871-ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்தது. யானை, ஒட்டகம் முதல் ஆட்டுக்குட்டி வரை அச்சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் கோழி இல்லை. ஆகையால் கோழிக் காரியத்தை அயலாரே தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, முதற்கடமை வளர்ப்பவருடையது. தன் மிருகத்தைப் பிறர் வயலில் மேயவிட்டவன் தன் நல்ல விளைச்சலிலிருந்தே ஈடு செய்யவேண்டும் என்பது யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. “கோழிக்கு என்ன தெரியும்?” என்று நாம் சொல்வதுண்டு. கோழிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும் அல்லவா?

கோழி ஏன் எல்லை தாண்டுகிறது? இரை தேடி, புழுதியில் புரள, முட்டையிட மறைவிடம் தேடி, இரவில் அடைய உயரமான இடம் தேடி. இந்த நான்கும் நம் முற்றத்திலேயே கிடைக்குமானால் பாதித் தொல்லை தீர்ந்தது. அதற்கான வழிகளைக் கவனிப்போம்.

முதலாவது, திறந்துவிடும் நேரம். பெரும்பாலான கோழிகள் முற்பகலில் முட்டையிடும். ஆகையால் அதுவரை கூட்டிலோ அடைப்பிலோ வைத்து, தண்ணீரும் நிழலும் கொஞ்சம் தவிடும் கொடுங்கள். முட்டையும் அயலார் வைக்கோற்போருக்குள் போகாது. இருட்டுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னே திறந்துவிட்டால் அதிக தூரம் போகாமல் கூடு திரும்பும். மாலைத் தீனியைத் தினமும் அதே இடத்தில், அதே குரலில் அழைத்துப் போடுங்கள். சில நாட்களில் அந்தக் குரலுக்கே ஓடிவரும்.

இரண்டாவது, முற்றத்திலேயே வேலை கொடுங்கள். குப்பைக்குழியை வீட்டுக்கு அருகில் வைத்துக் கிளறவிடுங்கள். ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டினால் அங்கேயே புரளும். பழைய பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் அடைத்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் குஞ்சுகளுக்கு நல்ல இரை கிடைக்கும். இது நம் பாட்டிமார் அறிந்த முறை.

மூன்றாவது, வேலி. கோழி பெரும்பாலும் ஒரே பாய்ச்சலில் தாண்டாது. வேலியின் மேற்கழியில் ஏறி உட்கார்ந்து, பிறகு அப்புறம் குதிக்கும். ஆகவே மேலே கழி கட்டாமல் வலையைத் தளர்வாக விடுங்கள். பழைய மீன்வலையும் போதும். அடியில் உள்ள இடைவெளிகளைக் கல்லாலும் முள்ளாலும் அடையுங்கள். குஞ்சுக்கோழியைச் சில வாரங்கள் பஞ்சாரத்தில் வைப்பது பருந்துக்கும் காப்பு, அயலார் பாத்திக்கும் காப்பு.

நான்காவது, சிறகு கத்தரித்தல். அப்படியும் தாண்டும் கோழிக்கு ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து, ஓரத்திலுள்ள பத்து நீண்ட இறகுகளைப் பாதியளவு வெட்டுங்கள். முதிர்ந்த இறகு நகம் போன்றது, வலிக்காது. புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடும், அதைத் தொடவேண்டாம். இறகு உதிர்ந்து முளைத்தபின் மறுபடி பறக்கும். நாய், கீரி நடமாடும் இடத்தில் இதைச் செய்யுமுன் யோசியுங்கள். சிறகு வெட்டிய கோழி தப்பிப் பறக்க முடியாது.

இன்னொரு காரியம். வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் ஒரு முற்றத்துக் கோழியிடமிருந்து மறு முற்றத்துக் கோழிக்குத் தொற்றும். எல்லை காத்தால் அயலார் கோழியும் பிழைக்கும், நம் கோழியும் பிழைக்கும். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி கேட்டுப் போடுங்கள். நோய்கண்ட கோழியை வெளியே விடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் தவறிப் போய்விடலாம். அப்போது அயலார் வந்து கூச்சலிடும்வரை காத்திராமல், நாமே முதலில் போய்ச் சேதத்தைப் பார்க்கவேண்டும். கிளறிய பாத்திக்கு விதை வாங்கிக் கொடுங்கள். முட்டையைக் கொடுத்துச் சரிக்கட்டுவதானால், அன்றிட்ட நல்ல முட்டையைக் கொடுங்கள். அயலாரும் கல்லெறியுமுன், நஞ்சு வைக்குமுன், ஒரு வார்த்தை சொல்லட்டும். நஞ்சுக்குக் கோழி மட்டுமே பலியாகும் என்று சொல்வதற்கில்லை. தெருவில் குழந்தைகளும் விளையாடுகிறார்கள்.

இந்த வாரப் பயிற்சி: குடும்பமாக ஒருமுறை வேலியைச் சுற்றி வாருங்கள். சிறு பிள்ளைகளை முன்னே விடுங்கள். கோழி நுழையும் சந்து அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். பிறகு அடுத்த வீட்டாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: “எங்கள் கோழியால் உங்களுக்குத் தொந்தரவு உண்டா? எந்த நாட்களில் விதைக்கிறீர்கள், நெல் காயப்போடுகிறீர்கள்?” அந்த நாட்களில் கோழியை அடைத்தே வையுங்கள்.