துணை நிற்கும் புனிதம்

புனிதம் என்ற சொல்லைக் கேட்டதும் குகையும் மடமும் துறவாடையுமே பலருடைய உள்ளத்தில் தோன்றுகின்றன. குடும்பம், தொழில், கடன், நோய் ஆகியவற்றின் நடுவே வாழ்பவர், ‘அது நமக்குரியதன்று’ என ஒதுங்கிக்கொள்கிறார். கிறிஸ்தவ உலகிலும் இவ்வெண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இதனைத் திருத்த முற்பட்டது. 1964 நவம்பர் 21 அன்று அது வெளியிட்ட, திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில் ஓர் அத்தியாயம் முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டது. புனித வாழ்வுக்கான அழைப்பு துறவியர்க்கு மட்டுமன்று. இல்லறத்தார், உழைப்பாளர், நோயுற்றோர் என அனைவருக்கும் உரியது என்பதே அதன் சாரம்.

சொல்லும் பொருளும்

விவிலியத்தின் எபிரேய மொழியில் ‘புனிதம்’ என்பதற்கான சொல், ‘இறைவனுக்கென வேறாக்கி வைக்கப்பட்டது’ என்னும் கருத்தைத் தாங்கியுள்ளது. வேறாதல் என்றால் மனிதரை விட்டு விலகுதலா? தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகம் இவ்வையத்தைத் தீர்க்கிறது. தூய வாழ்வே இறைவனின் திருவுள்ளம் என்று வலியுறுத்தும் அதே மடல், ஒருவரையொருவர் ஊக்குவித்து உறுதிப்படுத்துமாறும் பணிக்கிறது. இரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். அங்கு ஊக்குவித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள் ‘அருகில் அழைத்தல்’ என்பதாகும். எட்ட நின்று உபதேசிப்பதை விட, அருகமைந்து தாங்குவதே ஊக்கம் என்ற உண்மை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

நட்டாலத்து நீலகண்டர்

இதற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பணியாற்றியவர், இல்லறத்தார். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை வென்றது. அப்போது சிறைப்பட்ட டிலனாய் என்ற தளபதி, பின்னர் அம்மன்னரின் படையையே பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றார். அவருக்கும் நீலகண்டருக்கும் நட்பு மலர்ந்தது.

பொருள் இழப்பாலும் இல்லத் துன்பங்களாலும் நீலகண்டர் மனம் தளர்ந்திருந்த வேளையில், டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்று மரபு கூறுகிறது. கால்நடைகளையும் மக்களையும் உடல்நலத்தையும் ஒருங்கே இழந்தும், இறைவனைப் பற்றிய பிடியை விடாதவர் யோபு. அக்கதையைச் சொன்னவரும் தாய்நாட்டையும் விடுதலையையும் இழந்து, தோற்ற படையின் கைதியாக வந்தவர் என்பது நினைக்கத்தக்கது. துயரை அறிந்தவர் நாவிலிருந்து வந்த சொல்லாதலால், அது துயருற்றவர் நெஞ்சில் தங்கியது.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழாக்கமாகத் ‘தேவசகாயம்’ என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. ‘இறைவனே துணை’ என்பது அதன் பொருள். அவர் மனைவி பார்கவியம்மாளும் பின்னர் அந்நெறியை ஏற்று ஞானப்பூ எனப் பெயர் பெற்றார். தேவசகாயம் சாதி வேறுபாடு கருதாமல் எல்லாரிடமும் பழகினார் என்பது திருச்சபை போற்றும் செய்தி.

1749ஆம் ஆண்டு அவர் கைதானார். அதன் காரணம் குறித்து வரலாற்றறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. நம்பிக்கையைக் கைவிட மறுத்ததே காரணம் என்பது திருச்சபையின் முடிவு. சுமார் மூன்றாண்டுகள் அடியும் அவமானமும் தாங்கினார். அந்நிலையிலும், தம்மைக் காண வந்தவர்களுக்கு அவரே ஆறுதலாயிருந்தார் என்று மரபு சொல்கிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் இந்நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே.

ஊக்கத்தின் இலக்கணம்

யோபுவிடமிருந்து டிலனாய், டிலனாயிடமிருந்து தேவசகாயம், அவரிடமிருந்து அவரைக் காண வந்தோர் என விளக்கிலிருந்து விளக்கேற்றுவதுபோல் உறுதி பரவியது. தாம் பெற்ற ஆறுதலைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாதவரே புனிதத்துக்கான அழைப்பை முழுமையாக ஏற்றவராவார்.

யோபுவின் நண்பர்கள் இதில் ஓர் எச்சரிக்கையாக விளங்குகின்றனர். முதலில் அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரருகே பேசாது அமர்ந்திருந்தனர். அதுவே அவர்கள் செய்த நற்பணி. வாய் திறந்ததும், ‘நீ செய்த பாவமே இத்துன்பத்துக்குக் காரணம்’ என வாதிடலாயினர். துயருற்றவரின் குற்றத்தைத் தேடுவது ஊக்கமாகாது. தம் கருத்தை அவர்மேல் திணிப்பதும் ஊக்கமாகாது. ஆடை நழுவும்போது கை விரைவதுபோல, இடுக்கண் வந்தபோது விரைந்து உதவுவதே நட்பு என்ற வள்ளுவரின் கருத்தும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இதற்குக் காற்றாடிமலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கர்நாடக எல்லையில், ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ள அத்திபெலே போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் ஊரையும் உறவையும் விட்டு வந்து உழைப்போர் பலர். வேலையிழந்த ஒருவரின் அறைக்குச் சென்று உடனிருத்தல், நோயுற்றவருக்கு ஒருவேளை உணவு கொண்டு செல்லுதல், நம்பிக்கை தளர்ந்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாது கேட்டல் ஆகியவை எளிய செயல்களே. ஆயினும் இல்லறத்தாரின் புனிதம் இவற்றில்தான் வளர்கிறது. பெருஞ்சோதனை வரும் நாளில் உறுதியாக நிற்பவர், சிறு நாட்களில் பிறரைத் தாங்கப் பழகியவராகவே இருப்பார்.

சிந்தனைக்கு

1. தளர்ந்திருந்த காலத்தில் ஒருவரைத் தாங்கியது அறிவுரையா, உடனிருப்பா?

2. தாம் கடந்துவந்த துன்பம் யாருக்குத் துணையாகப் பயன்படக்கூடும்?

3. இந்த வாரம் யாருடைய அருகில் சென்று அமர வேண்டும்?