ஆமைக்குஞ்சும் அதன் உணவும்

நம் தாயகத்தின் வறண்ட நிலங்களில் வாழும் நட்சத்திர ஆமையை வாங்கி வளர்த்தல் தகாது. காட்டில் பிடிக்கப்பட்ட அவ்வாமையின் பன்னாட்டு வணிகம் 2019ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. முறைப்படி பெற்ற ஆபிரிக்க சல்கேட்டா ஆமைக்குஞ்சு இல்லத்தில் இருப்பின், அதற்கு உணவு ஆக்கும் முறையை அறிதல் நம் கடனாகும்.

புல்லும் செவ்வரத்தை இலையும் பூவும் அதற்கு ஏற்றவை. மருந்து தெளிக்காதவற்றைப் பறித்து, நன்கு கழுவி, சிறிதாக நறுக்குவோம். ஓடு உறுதிபெறச் சுண்ணச்சத்து வேண்டும். கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடித்துச் சிறிதளவு தூவுவோம். வெயில் படாவிடின் அச்சத்து உடலிற் சேராது. கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. சோறு, பாண், பால், இறைச்சி கொடுத்தலாகாது. தாயகத்தில் மஞ்சளாகவும் இங்கு வாதிகளில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் அலரி கொடிய நஞ்சு; அதன் ஓர் இலையும் கலத்தலாகாது. எஞ்சிய உணவை அன்றே அகற்றுவோம்.

பெற்றோர்களே! நோயற்றதாகத் தோன்றும் ஆமையிடத்தும் சால்மொனெல்லா கிருமி இருத்தல் கூடும். இதனாலேயே நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடுத்தது. ஆகவே ஆமைக்குரிய கத்தி, பலகை, தட்டு ஆகியவற்றைத் தனியே வைத்து, சமையலறைக்கு வெளியே கழுவுவோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆமையைத் தொடவிடோம். உணவளித்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவோம்.

தன் மண்ணைக் காணாத அந்த வாயில்லா உயிர் தன் நோயைச் சொல்லாது. அறிந்து ஊட்டுதலே அன்பாகும்.