பாழ்பட்ட கொல்லையைப் பண்படுத்தும் கூட்டெரு

பேரிகை வட்டாரம் ஓசூர் மேட்டுநிலத்தைச் சார்ந்தது. செம்மண்ணும் மிதமான தட்பமும் அமைந்த இப்பகுதியில் தக்காளி, கோசு, அவரை முதலியன நன்கு விளையும். எனினும், வீட்டிலுள்ள இளைஞர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லத் தொடங்கியபின் வீட்டுக் கொல்லைகள் பல கோரையும் பார்த்தீனியமும் மண்டிக் கிடக்கின்றன. இத்தகைய நிலத்தைக் கொத்தி யூரியா தூவினால் மட்டும் பயனில்லை. மக்கிய பொருள் அற்ற மண் நீரையும் தாங்காது, உரத்தையும் தாங்காது.

அடுக்கடுக்காகக் கூட்டெரு செய்யும் முறைகள் இரண்டு நம் நாட்டிலேயே தோன்றின. ஒன்று, 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்தது. மற்றொன்று, 1939-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆசார்யா கண்டது. பின்னதில் குழியை நிரப்பிச் சேற்றால் மூடிவிடலாம். கிளறும் வேலையில்லை, நீரும் மிச்சம். பெங்களூர் நமக்கு அண்மையிலிருப்பினும், களை மண்டிய கொல்லைக்கு இந்தூர் முறையையே நாம் பரிந்துரைப்போம். மூடிய குழியில் வெப்பம் போதிய அளவு நீடிப்பதில்லை; களை விதைகள் பிழைத்து, எருவோடு மீண்டும் பாத்திக்கே வந்துசேரும்.

பங்குனியில் பணியைத் தொடங்கினால் ஆடிப் பட்டத்திற்கு எரு ஆயத்தமாகும். நீர் தேங்காத நிழலிடத்தில், 2 மீட்டர் அகலத்திற்குச் சுள்ளிகளைப் பரப்புக. அவற்றின்மேல் ஒரு சாண் உயரம் காய்ந்த சருகு, அவரைக் கொடி, கொள்ளுப் பொட்டு ஆகியவற்றை இடுக. (கேழ்வரகுத் தாளைக் குப்பையில் இடுமாறு இவ்வூரில் எவரிடமும் சொல்ல இயலாது, மாடு தின்று கழித்த தாள் போதும்.) அடுத்து, பூக்குமுன் பிடுங்கிய களையும் புங்கந் தழையும் நான்கு விரற்கடை. பட்டுப்புழு வளர்ப்போர் அதன் கழிவையும் சேர்க்கலாம். பின் சாணக் கரைசல் தெளித்து, சிறிது மேல்மண்ணும் சாம்பலும் தூவுக. இவ்வாறே ஒன்றரை மீட்டர் உயரம் வரை அடுக்குக. கோரைக் கிழங்கை மட்டும் சேர்த்தலாகாது. அதனை வெயிலில் நன்கு உலர்த்தி ஒழிக்க வேண்டும்.

ஈரமே இதில் உயிர்நாடி. ஒரு பிடி குப்பையை அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் சொட்டலாகாது. நான்காம் நாள் கடப்பாரையைச் செருகி எடுத்தால் கை பொறுக்காத சூடு தெரியும். சூடில்லையேல் ஈரமோ சாணமோ குறைவென்று அறிக. துர்நாற்றம் வீசின் நீர் மிகுதி. உடனே கிளறிக் காற்றுப் புகச் செய்க. 15, 30, 60-ஆம் நாட்களில் வெளிப்புறம் உட்புறமாகுமாறு புரட்டுக. இப்புரட்டலைச் சோம்பி விட்டுவிட்டால், ஓரத்துக் களை விதைகள் சாவதில்லை.

குவியல் ஆறி, கறுத்து, மண்வாசனை வீசும்போது எரு முதிர்ந்தது. முதிராத எருவை இட்டால், அது மக்குவதற்கே மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்றுகள் வெளிறிப்போகும். ஒரு சென்ட் நிலத்திற்கு 100 கிலோ எருவை மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்திற்குள் கலந்தால் போதும். முதற் பருவத்தில் அவரையோ கொத்தவரையோ விதைத்து, அறுவடைக்குப்பின் அவற்றின் வேரை மண்ணிலேயே விட்டு, அடுத்த பருவத்தில் தக்காளி நடுக.