பார்கோடின் கடைசி எண் எதற்கு?

மாணவர்களே, சுங்கை லாலாங்கிலிருந்து சுங்கை பட்டாணிப் பேரங்காடிக்குச் சென்றால், விலை பார்க்கும் கருவியில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் காட்டிப் பாருங்கள். திரையில் விலை தோன்றும். ஆனால் பார்கோடின் கோடுகளில் விலை இல்லை! அவற்றில் இருப்பது 13 இலக்க எண் மட்டுமே. விலை கடையின் கணினியில் இருக்கிறது. கையில் பிடிக்கும் வருடியும், தள்ளுவண்டியில் பொருத்திய வருடியும் அந்த எண்ணைப் படித்துத்தான் கணினியிடம் விலை கேட்கின்றன. கடையில் பார்கோடை வருடும் முறை 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்துடன் தொடங்கியது.

கோடுகள் கசங்கியிருந்தால் எண் தவறாகப் படிக்கப்படலாம் அல்லவா? அதைக் கண்டுபிடிப்பதே கடைசி இலக்கத்தின் வேலை.

எடுத்துக்காட்டாக, முதல் 12 இலக்கங்கள் 955123456789 என்று கொள்வோம். தொடக்கத்திலுள்ள 955, எண் மலேசியாவில் பதிவானது என்பதைக் காட்டும்.

1. இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11ஆம் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 34.
2. மற்ற ஆறு இலக்கங்களைக் கூட்டுங்கள்: 30. அதை 3ஆல் பெருக்கினால் 90.
3. மொத்தம் 124. அடுத்துவரும் பத்தின் மடங்கு 130. வேறுபாடு 6. அதுவே 13ஆவது இலக்கம்.

ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இக்கணக்கு பொருந்தாது; கருவி அந்த எண்ணை ஏற்காது.

ஆனால், கணினியில் விலையே தவறாகப் பதிவாகியிருந்தால் கருவிக்குத் தெரியாது. அலமாரியில் உள்ள விலையையும் திரையில் வரும் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. இன்றே வீட்டிலுள்ள ஒரு பொட்டலத்தை எடுத்து, கடைசி இலக்கம் சரிதானா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.