திடலில் அவர்களுக்கும் இடம் உண்டு
(தன்னார்வத் தொண்டர்களுக்கான பாடம்)



நம் இனயத்தில் மாலையானால் கடப்புறத்து மணலில் பந்து உருளத் தொடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளும், விடுமுறையில் வந்த வளைகுடாத் தம்பிகளும், கடல் தொழிலுக்குப் போய்வந்த சகோதரர்களும் அங்கே நிற்பார்கள். ஆனால் நம் தெருக்களில் சில வீடுகளில், இருபது வயதைத் தாண்டியும் ஒருநாள்கூட "நீயும் விளையாட வா" என்று அழைக்கப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உடைய அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டின் வழியாக நாம் எப்படித் துணை நிற்கலாம் என்பதே இந்தப் பாடம்.

முதலில் சரியாகப் புரிந்துகொள்வோம்

அறிவுசார் குறைபாடு என்பது, விஷயங்களைப் புரிந்துகொள்வதிலும் கற்பதிலும் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதிலும் சிறு வயதிலிருந்தே இருக்கும் சிரமம். மனநோய் வேறு, இது வேறு. டவுன் சிண்ட்ரோம் போன்ற பிறவிக் காரணங்களாலும், பிரசவ நேரத்தில் குழந்தைக்கு மூச்சுக்காற்று குறைவதாலும் இது வரலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. பெற்றோர் செய்த பாவம் என்றோ, கண்ணேறு என்றோ பேசுவது அந்த உம்மாமாரின் நெஞ்சில் முள்ளைக் குத்துவதாகும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் இதுவும் ஒன்று. அதே சட்டம், விளையாட்டில் பங்குபெறுவதையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

ஒரு வீட்டு முற்றத்தில் தொடங்கியது

அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் சகோதரி யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1962இல் யூனிஸ் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தினார். பள்ளி, கல்லூரி மாணவர்களே தொண்டர்களாக வந்து, பிள்ளைகளுடன் நீந்தினார்கள், பந்து விளையாடினார்கள். "இவர்களால் முடியாது" என்று சொல்லப்பட்ட பலவற்றை அந்தப் பிள்ளைகள் செய்து காட்டினார்கள்.

1968 ஜூலை 20 அன்று சிகாகோவில் ஏறத்தாழ ஆயிரம் பேருடன் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது. இந்தியாவில் 2001 முதல் 'ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்' இந்தப் பணியைச் செய்துவருகிறது. 2019 மார்ச்சில் அபுதாபியில் நடந்த உலகப் போட்டியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கலந்துகொண்டனர். இந்திய அணி 368 பதக்கங்களுடன் திரும்பியது. 2023 ஜூனில் பெர்லினில் 76 தங்கம் உட்பட 202 பதக்கங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் அபுதாபியில் நடந்த இந்த விழா, நம்மில் எத்தனை பேர் காதுக்கு எட்டியது?

பாராலிம்பிக்ஸ் வேறு

நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்றது பாராலிம்பிக்ஸில். அதில் பெரும்பாலும் உடல் குறைபாடு, பார்வைக் குறைபாடு உடையோர் போட்டியிடுகிறார்கள். உலகின் உச்சத் திறமைக்கான மேடை அது. 2000இல் சிட்னியில் குறைபாடே இல்லாதவர்களைச் சேர்த்து ஸ்பெயின் கூடைப்பந்து அணி மோசடி செய்ததால், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான போட்டிகள் பாராலிம்பிக்ஸிலிருந்து நீக்கப்பட்டன. 2012 லண்டன் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. யாரோ செய்த பித்தலாட்டத்துக்கு இவர்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் முறை வேறு. எட்டு வயது நிறைந்த எவரும் சேரலாம். முதலில் ஒரு தகுதி ஓட்டம் வைத்து, வயது, பால், திறன் ஆகியவற்றால் ஏறத்தாழ ஒத்தவர்களை ஒரே பிரிவில் சேர்ப்பார்கள். ஐம்பது மீட்டரைப் பத்து நொடியில் ஓடுபவர் தம்மைப் போன்றவருடனும், முப்பது நொடி எடுப்பவர் தம்மைப் போன்றவருடனும் ஓடுவார்கள். ஆகவே எல்லாப் பிரிவிலும் உண்மையான போட்டி இருக்கும். முதல் மூவருக்குப் பதக்கம். அடுத்து வருபவர்களுக்கு ரிப்பன். 'யூனிஃபைடு' என்ற முறையில் குறைபாடு உடையோரும் இல்லாதோரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவார்கள். நம் ஊர் இளைஞர்களுக்கு மிகப் பொருத்தமானது இதுவே.

தொண்டர் செய்ய வேண்டியவை

1. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. "பந்தை எடு" என்று சொல்லி, செய்து காட்டி, அவர் செய்யும்வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் "எறி".

2. ஒவ்வொரு வாரமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வரிசை. பழகிய ஒழுங்கு பலருக்குப் பயத்தைப் போக்கும்.

3. வயதுக்கேற்ற மரியாதை. முப்பது வயதுக்காரரைக் குழந்தை போல் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சக்கூடாது. பெயர் சொல்லியோ, அண்ணன், தம்பி என்றோ அழையுங்கள்.

4. எளிய ஆட்டங்களில் தொடங்குங்கள். 25 மீட்டர் நடை, பந்து எறிதல், போச்சே ஆகியவை போதும். போச்சேயில் ஒரு சிறு பந்தைக் குறியாக வைத்து, இரு தரப்பும் நான்கு நான்கு பந்துகளை அதன் அருகே உருட்டும். செலவும் மிகக் குறைவு.

5. பாதுகாப்பு. வலிப்பு வருமா, என்ன மருந்து என்பதைப் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து எலும்பின் மூட்டு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் குட்டிக்கரணமோ, தலையால் பந்தை முட்டுவதோ கூடாது. நம் கடல் ஆழமும் சீற்றமும் உள்ளது. அலைக்கரையை விட்டு உள்ளே தள்ளியே விளையாட வேண்டும்.

6. பெண் பிள்ளைகளுக்குப் பெண் தொண்டர்களே துணை. எந்தத் தொண்டரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கலாகாது. பெற்றோர் அனுமதியின்றிப் படம் எடுப்பதும், வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம்.

எண்ணிக்கையைவிட நிலைத்திருத்தல்

அறிவில் ஏதோ குறை இருந்த ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, "உங்களிடம் எனக்கொரு தேவை இருக்கிறது" என்றார். எந்தத் தெருவில் வேண்டுமோ அங்கே நிற்கலாம் என்று கூறி, அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நபியவர்கள் உடன் நின்றார்கள் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நேரம் கொடுத்ததும், இடத்தை அவரையே தேர்ந்தெடுக்க விட்டதும் கவனிக்கத்தக்கவை.

தொண்டில் பெரிய தீங்கு பாதியில் விடுவதுதான். நான்கு வாரம் நாற்பது பேர் வந்து, ஐந்தாவது வாரம் எவரும் வராவிட்டால், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கும் பிள்ளைக்கு நாம் என்ன விளக்கம் சொல்வோம்? நாற்பது பேரைவிட, ஓராண்டு முழுவதும் வாரம் ஒரு மாலையைத் தரும் ஆறு பேர் மேல்.

"எங்களுக்குப் பிறகு யார்?"

இதுவே ஒவ்வொரு வாப்பாவும் உம்மாவும் இரவில் கேட்கும் கேள்வி. விளையாட்டு இதற்கு முழு விடையாகாது. ஆனால் திடலுக்கு வரும் பிள்ளையை ஊர் பெயர் சொல்லி அறியும். வழி தவறினால் கைபிடித்து வீட்டில் சேர்க்க நாலு பேர் இருப்பார்கள். காணாதவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

தொண்டர்கள் பெற்றோருக்கு அரசு உதவிகளையும் எடுத்துச் சொல்லலாம். தனித்துவ அடையாள அட்டையான யூடிஐடி, மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை ஆகியவற்றுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்க வழியுண்டு.

கூடிப் பேசுவதற்கு

• நம் தெருவில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா?
• வாரத்தில் எந்த மாலையை ஓராண்டுக்கு நம்மால் உறுதியாகத் தர முடியும்?
• அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ, இந்துச் சகோதரர்களின் பிள்ளைகளையும் அழைப்பது எப்படி?

மூன்றுக்கும் விடை எழுதி, அறக்கட்டளை அலுவலகத்தில் தாருங்கள். ஆறு பெயர்கள் சேர்ந்ததும் பெற்றோரை நேரில் சந்தித்துத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.