முதலில் நனையட்டும்

சென்னை–திருப்பதி சாலையில் திருவள்ளூரைத் தாண்டினால் வயலும் கரும்பும் ஏரிக்கரையும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மாலைப்பொழுதில் அந்த வழியே திருத்தணிக்கு பைக்கில் வந்தால், ஊர் சேர்வதற்குள் ஹெட்லைட்டும் வைசரும் ஈசலும் பச்சைப்பூச்சியும் வண்டுமாக அப்பிக் கிடக்கும். நகரிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதிதான். ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதைப் படித்த பிறகு, நம் வயல்களில் இன்னும் இவ்வளவு பறக்கிறதே என்று எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது. ஆனாலும் வண்டியைத் துடைத்தாக வேண்டும்.

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே துடைத்துவிடுவது என் வழக்கம். பூச்சியின் உடலில் உள்ள புரதம் காய்ந்தால் கோந்து மாதிரி இறுகிவிடும். மறுநாள் வெயிலும் பட்டுவிட்டால் பெயின்ட்டின் மேல்பூச்சை அரித்து, பாலிஷ் போட்டாலும் போகாத மங்கல் புள்ளியாக நிற்கும். இன்ஜின் சூடு ஆறியதும் பழைய பனியன் துணியை நன்றாக நனைத்து, பூச்சி ஒட்டிய இடத்தில் போர்த்திப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு லேசாக வழித்தாலே வந்துவிடும். அவசரப்பட்டுக் காய்ந்த துணியால் தேய்த்தால் வண்டின் ஓடும் காலுமே கீறல் போட்டுவிடும். திருத்தணி மலைமேல் பூஜை போட்டு டேங்கில் பூசிய விபூதிக்கும் இதுவே முறை. அந்தச் சாம்பலிலும் நெருநெருவென்று துகள் இருக்கும்.

வைசர் பெரும்பாலும் பாலிகார்பனேட். அதில் பெட்ரோலோ தின்னரோ பட்டால் மயிரிழை வெடிப்பு விடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பேபி ஷாம்பு, விரல் நுனி, இவை போதும். வைசரில் கீறல் விழுந்தால் இரவில் எதிரே வரும் லாரியின் ஹைபீம் கண் முழுக்கச் சிதறும். இந்தச் சாலையில் அது உயிர் போகிற விஷயம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: முன்பக்க ஃபோர்க்கின் பளபளக்கும் குழாய். அதில் பூச்சி காய்ந்திருக்கும்போது வண்டி பள்ளத்தில் இறங்கினால், குழாய் உள்ளே போகும் வேகத்தில் அந்தப் பொருக்கு ஆயில் சீலின் விளிம்பை உரசும். நாளடைவில் சீல் தேய்ந்து எண்ணெய் கசியும். அது வழிந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. மட்கார்டு அழுக்காக இருந்தால்கூடப் பரவாயில்லை, இந்தக் குழாயை முதலில் துடையுங்கள். உப்புத்தாளோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். நனைந்த பிறகு நகமே போதும்.

ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள். அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். பின்புறமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு, மென்மையான பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டால் வந்துவிடும்.

எல்லாம் காய்ந்ததும் ஹெட்லைட்டின் மேலும் டேங்கின் முன்பக்கத்திலும் வாக்ஸ் தடவி வையுங்கள். அடுத்த முறை பூச்சி இத்தனை பிடிவாதமாக ஒட்டாது. இரவுப் பயணத்துக்கு ஈரத்துணி ஒன்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் நிறுத்தும்போது ஹெட்லைட்டையும் வைசரையும் மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்பலாம். மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.